ஐயனின் இடக்கை

எனக்குப் பிறவியிலேயே இடக்கைப் பழக்கம். சின்ன வயதிலேயே அதை மாற்றிவிட்டார்கள். சாப்பாட்டு நேரத்தில் என் அம்மா என் இடக்கையை முதுகுக்குப் பின்னால் துண்டால் கட்டி உட்காரவைப்பாள். அழுதழுது வலக்கையால் உண்ணப் பழகினேன். இப்போது எல்லாமே வலக்கைதான். ஆனால் அவசரத்துக்கு, யோசிப்பதற்கு முன்னால், பழைய கைதான் முந்திக்கொள்கிறது. சற்றுமுன் நீங்கள் டீ கிளாஸை நீட்டியபோதும் அதுதான் வந்தது. நீங்கள் கவனித்தீர்களோ என்னவோ, எனக்கு உடம்பு கூசிப்போய்விட்டது.

ஸ்டேஷனில் உட்காரவைத்து முதலிலிருந்து சொல்லச் சொன்னீர்கள் இன்ஸ்பெக்டர் மேடம். நீங்கள் வாயைத் திறந்ததுமே கொள்ளேகால் பக்கத்துத் தமிழ் என்று தெரிந்துகொண்டேன். அது ஒரு விதத்தில் ஆறுதல், ஒரு விதத்தில் சங்கடம். கன்னடத்தில் கேட்டிருந்தால் பாதியை விழுங்கிவிட்டு, பாஷை சரியாக வராது என்று ஒதுங்கியிருப்பேன். நம் பேச்சிலேயே கேட்பவரிடம் அந்தச் சாக்கு எடுபடாது.

எங்கள் ஆட்களுக்குக் கைவழிக்காரர்கள் என்று பெயர். நாங்களே எங்களுக்குள் சொல்லிக்கொள்வது, வெளியாருக்குத் தெரியாது. ஹனூர்ப் பக்கம் மானாவாரிக் காடு வைத்துப் பிழைத்த சில குடும்பங்கள் மழை பொய்த்த காலத்தில் மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டன. சென்ட்ரிங், டைல்ஸ், பெயின்ட் என்று எங்கள் ஆண்கள் கைவைக்காத வேலை இல்லை. விஜயநகரில் அடுத்தடுத்து மூன்று வீடுகள் எங்களுடையவை. நடுவிலிருந்த மதில்களில் கதவு வைத்து ஒன்றாக்கிக்கொண்டோம். அந்த வீதியில் பென்ஷன்காரர்கள் அதிகம். காலையில் நடக்கப் போகும்போது வாசலில் என்னைப் பார்த்தால், இந்தக் காலத்திலும் இப்படி ஒரு கூட்டுக்குடும்பமா என்று வியப்பார்கள். நானும் சிரித்துவைப்பேன். அவர்களிடம் நான் பொய் சொன்னதில்லை. அவர்கள் அதற்கு மேல் கேட்டதில்லை.

எங்களுக்குத் தலைவர் ஒருவர். அவரை ஐயன் என்போம். யாருக்கு யார் மனைவி என்பதை ஐயன்தான் முடிவு செய்வார். ஒருவனுக்கு ஒருத்தியோ மூன்று பேரோ, அவர் கொடுப்பதுதான். தன் வலக்கையை ஆணின் தலையிலும் அடுத்துப் பெண்ணின் தலையிலும் வைத்தால் கல்யாணம் முடிந்தது. தனக்கு அடுத்த ஐயன் யார் என்பதையும் எல்லோரும் கூடியிருக்கும்போது வலக்கையைத் தலையில் வைத்துத்தான் காட்டுவார். இடக்கைக்கு ஒரே ஒரு வேலை. அது யார் தலையில் படுகிறதோ, அவர் அன்று விளக்கு வைப்பதற்குள் வெளியேறிவிட வேண்டும். உடுத்திய துணியோடு போக வேண்டும். மனைவி மக்கள் கூடப் போகக் கூடாது. அவர்கள் கைவழியைச் சேர்ந்தவர்கள். அந்த மனைவியைப் பிறகு இன்னொருவருக்கு ஐயன் கொடுப்பார்.

பேனாவை நிறுத்திவிட்டீர்கள். கேட்பதற்கு ஒருமாதிரி இருக்கும் என்று தெரிகிறது. ஒரு பெண் நடுத்தெருவில் நிற்கக் கூடாது என்பதற்காக ஏற்படுத்திய வழக்கம் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். எனக்குப் பின்னால் வந்த பெண்களுக்கு நானும் அதையே சொல்லிக்கொடுத்தேன். அழுதவர்களும் இருந்தார்கள். கொஞ்ச நாளில் எல்லோரும் சாப்பிட ஆரம்பித்துவிடுவார்கள்.

என் புருஷன் சித்தையன்தான் எங்கள் ஐயன். மூத்தவள் மல்லம்மா, அடுத்தவள் நான், மூன்றாவதாக மாதேவி வந்தாள். மல்லம்மா, மகன் சந்துரு பால் மறக்கும் முன்பே போய்ச் சேர்ந்தாள். எனக்குக் குழந்தை தங்கவில்லை. ஆகவே சந்துருவை நான்தான் வளர்த்தேன். வளர்த்தேன் என்று சொல்வதுகூட எனக்கு இப்போது கூச்சமாக இருக்கிறது. பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும் பையை வீசிவிட்டு, சின்னம்மா எங்கே என்றுதான் கேட்பான். டிப்ளமோ படித்து ஹூட்டகள்ளியில் ஒரு தொழிற்சாலையில் வேலைக்குப் போனான். ஹனூரிலிருந்த எங்கள் குடும்பம் ஒன்றில் பிறந்த அஷ்வினியை ஐயன் அவனுக்குக் கொடுத்தார். அந்தப் பெண்ணுக்கு அடக்கிச் சிரிக்கத் தெரியாது. அடுப்படியில் அவள் சிரித்தால் மூன்றாவது வீட்டில் கேட்கும். நான் திட்டுவேன். திட்டினாலும் அதற்கும் சிரிப்பாள்.

மூத்தவள் போனதும் மூன்று வீட்டுச் சாவியும் என் இடுப்புக்கு வந்தது. வீட்டில் எல்லோருக்கும் நான்தான் பெரியவள். பெண்களில் யார் எந்த அறையில் படுப்பது, யார் ஊருக்குப் போய் வரலாம் என்பதெல்லாம் என்னைக் கேட்டுத்தான் நடக்கும். எனக்கு அது பிடித்திருந்தது. இதையும் எழுதிக்கொள்ளுங்கள்.

போன கார்த்திகைக் கடைசியில் ஒரு மத்தியானம் பிதுக்கம்பருப்புக் குழம்புக்காக ஊறவைத்த அவரைக்கொட்டையைப் பிதுக்கிக்கொண்டிருந்தேன். சந்துரு வந்து பக்கத்தில் உட்கார்ந்து தானும் ஒரு கைப்பிடி எடுத்துக்கொண்டான். தைப்பூசத்தன்று தன் தலையில் கை வைக்கப்போவதாக ஐயன் சொல்லியிருக்கிறார் என்றான். எனக்குச் சந்தோஷம்தான். நான் வளர்த்த பிள்ளை. பிறகு அவன், தான் வந்தால் என்ன செய்யப்போகிறான் என்று சொன்னான். பெண்களை மாற்றிக் கொடுப்பது இனி கிடையாது, ஒருவனுக்கு ஒருத்திதான், மதில் கதவுகளை எடுத்துவிட்டுச் சுவர் வைத்துவிடலாம், இஷ்டமில்லாதவர்கள் போகட்டும் என்றான். இதை ஐயனிடமும் சொல்லியிருக்கிறான். அவர் மறுக்கவில்லையாம். வயதாகிவிட்டது, அவருக்கும் அலுத்துப்போயிருக்கும்.

அப்போது நாங்களெல்லாம் என்ன ஆவோம் என்று கேட்டேன். சாதாரணமாகத்தான் கேட்டேன்.

"சட்டப்படி பாத்தா நீங்க ஐயனுக்குச் சம்சாரமே இல்லீங்க, சின்னம்மா," என்றான். "உங்கள யாரும் கட்டி வெக்க முடியாது. நீங்க எங்க வேணாலும் போலாம், எப்படி வேணாலும் இருக்கலாம்."

சிரித்துக்கொண்டே சொன்னான். எனக்கு ஏதோ பெரிய பரிசு வாங்கி வந்து மடியில் வைத்ததுபோல முகம் இருந்தது. நான் பிதுக்கிக்கொண்டே இருந்தேன். அவன் எழுந்து போன பிறகு பார்த்தால், பருப்பையும் தோலையும் ஒரே பாத்திரத்தில் போட்டிருந்தேன்.

அவன் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அது எனக்கு அன்றைக்கே தெரியும். ஆனால் யோசித்துப் பாருங்கள். பாவாடை தாவணியோடு வந்த வீட்டில் தலை நரைத்துவிட்டது. நான் சம்சாரம் இல்லையென்றால் இத்தனை காலம் அந்த வீட்டில் என்னவாக இருந்தேன்? அதற்கும் ஒரு சொல் இருக்கிறது. உங்களுக்கும் தெரியும், என் வாயில் வரமாட்டேன் என்கிறது. நான் வளர்த்த பிள்ளை எனக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனான் என்றுதான் அன்று எனக்குப் பட்டது.

மார்கழியில் ஐயன் குளியலறையில் விழுந்தார். பக்கவாதம். ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டி வந்தபோது வலப்பக்கம் முழுதும் செத்திருந்தது, பேச்சும் போயிருந்தது. தொண்டையிலிருந்து ஒரு சத்தம் வரும், அவ்வளவுதான். மிஞ்சியது இடக்கை ஒன்று.

இனி நடந்தது எங்கள் வீட்டில் மட்டுமே நடக்கக்கூடியது. அந்தக் கைக்கு எல்லோரும் பயந்தார்கள். கட்டிலுக்கு இடப்பக்கம் யாரும் உட்கார மாட்டார்கள். பிள்ளைகளை அந்தப் பக்கம் விடமாட்டார்கள். மாதேவி மாத்திரை கொடுக்கும்போதுகூடத் தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டே கொடுப்பாள், கோழிக்குத் தீனி போடுபவள் மாதிரி. நான் ஒருத்திதான் பயப்படவில்லை. இடக்கையோடு பிறந்தவளுக்கு இடக்கையைப் பார்த்து என்ன பயம். அந்தக் கையால் அவர் தண்ணீர் கேட்பார், ஜன்னலைத் திறக்கச் சொல்வார், நான் முதுகைத் துடைத்துவிடும்போது என் முந்தானையைப் பிடித்துக்கொள்வார். வேறு கை இல்லாத மனிதர் எல்லாவற்றையும் அந்தக் கையால்தானே செய்வார். இதை என்னைவிட நன்றாகத் தெரிந்தவர்கள் அந்த மூன்று வீட்டிலும் யாரும் இல்லை. இதை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

தைப்பூசத்துக்கு ஹனூரிலிருந்தும் சாமராஜநகரிலிருந்தும் ஆட்கள் வந்திருந்தார்கள். நடுவீட்டு ஹாலில் உட்கார இடமில்லை. ஐயனைக் கட்டிலில் சாய்த்து உட்காரவைத்து, விழாமல் இருக்க நான் பின்னால் உட்கார்ந்து தாங்கிக்கொண்டிருந்தேன். வலக்கை வேலை செய்யாதபோது எப்படிக் கை வைப்பார் என்று பேசிக்கொண்டார்கள். நேரம் வந்தால் ஐயனுக்கு அந்தக் கை எழும் என்று பெரியவர்கள் சொன்னார்கள்.

சந்துரு வந்தான். கும்பிட்டுவிட்டு எட்ட நிற்காமல் நேராக அப்பாவின் மடியில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ஐயனின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. இடக்கை நடுங்கிக்கொண்டே எழுந்து அவன் தலையில் இறங்கியது. தலைமுடியைக் கோதியது.

இடக்கை, இடக்கை என்று ஹாலில் முணுமுணுப்பு எழுந்தது. நஞ்சுண்டசாமி எழுந்து நின்றார். வேலை பிடித்துக்கொடுப்பது, ஆட்களை அனுப்புவது என்று எங்கள் காரியங்களையெல்லாம் பார்ப்பவர் அவர். பழைய வழக்கம் ஒன்றையும் விடாதவர். அவருக்கும் ஐயனாகும் ஆசை இருந்தது, ஆனால் வாய்விட்டுச் சொல்லும் ரகம் இல்லை.

"அக்கா, ராப்பகலா கூட இருக்கறது நீங்கதான்," என்றார். "ஐயன் மனசுல என்ன இருக்குதுன்னு நீங்கதான் சொல்லோணும்."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அவருக்கு அந்த ஒரு கைதானே இருக்கிறது என்று நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அந்த வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அதோடு அந்த அவரைக்கொட்டை மத்தியானமும் வந்தது.

"எந்தக் கைய வெச்சாரோ, அதுதான் அவரு மனசு," என்றேன்.

இதில் பொய் எங்கே இருக்கிறது என்று பல நாள் எனக்குள் வாதாடியிருக்கிறேன். வார்த்தையைப் பிரித்துப் பார்த்தால் பொய் இல்லை. சந்துரு தலையைத் தூக்கி என்னைப் பார்த்து, "சின்னம்மா," என்றான்.  ஐயன் தொண்டையிலிருந்து சத்தம் போட்டார். அவனைத் திரும்பக் கூப்பிட இடக்கையை நீட்டி நீட்டி அசைத்தார். முன்வரிசையில் இருந்தவர்கள் அது தங்கள்மேல் பட்டுவிடுமோ என்று ஒருவர்மேல் ஒருவர் விழுந்து பின்னால் நகர்ந்தார்கள். மற்ற நாளாக இருந்தால் எனக்குச் சிரிப்பு வந்திருக்கும்.

விளக்கு வைப்பதற்குள் அவன் போய்விட்டான். அஷ்வினி பின்னாலேயே கேட் வரைக்கும் ஓடினாள். அப்போது அவளுக்கு ஐந்தாம் மாதம். நான்தான் கையைப் பிடித்து உள்ளே கூட்டி வந்தேன். விழுந்துவிடப் போகிறாளே என்று பிடித்தேன்.

அவன் ஏன் அன்றைக்கே உங்களிடம் வரவில்லை என்று கேட்டீர்கள். அவனும் கைவழியில் வளர்ந்தவன்தானே மேடம். என்னதான் சட்டம் பேசினாலும், பெற்ற தகப்பனின் இடக்கை தலையில் விழுந்துவிட்டது என்று அவனும் பாதி நம்பியிருப்பான். அடிக்கடி வந்து கேட்டுக்கு எதிரே நிற்பான். அஷ்வினியின் போனை நான் வாங்கி வைத்திருந்தேன்.

மாசிப் பௌர்ணமிக்கு மறுபடியும் எல்லோரும் கூடினார்கள். அடுத்த ஐயன் யார் என்று தெரியாமல் எங்கள் ஜனங்கள் தவித்துப்போயிருந்தார்கள். அன்று குளிர் என்று சொல்லி ஐயனைக் கழுத்து வரை சால்வையால் போர்த்தி, நானும் அதே சால்வைக்குள் பின்னால் உட்கார்ந்தேன். நஞ்சுண்டசாமி வந்து மண்டியிட்டுத் தலையைக் குனிந்தார். சால்வைக்குள் ஐயனின் வலக்கையை முழங்கையில் தாங்கி நான் தூக்கினேன். அவருடைய வலக்கைக்கு அடியில் இருந்தது என் இடக்கை. அவசரத்துக்கு அதுதான் வரும் என்று சொன்னேனே. கனமாக இருந்தது. ஈரச் சாக்கைத் தூக்குவது போலத் தூக்கி, கொண்டுபோய் அந்தத் தலையில் வைத்தேன்.

செத்த கை எழுந்துவிட்டது என்று ஹாலே அழுதது. வயதானவர்கள் தரையில் விழுந்து கும்பிட்டார்கள். நஞ்சுண்டசாமியும் அழுதார். தலையில் விழுந்தது எப்படிப்பட்ட கை என்று அவருக்குத் தெரியாமல் இருந்திருக்காது. அதைப் பற்றி அவர் என்னிடம் இதுவரை ஒரு சொல் பேசியதில்லை, நானும் பேசியதில்லை. அவர் எனக்கு எதையும் தருவதாகச் சொல்லவில்லை. சாவிக்கொத்து என் இடுப்பிலேயே இருந்தது, அவ்வளவுதான்.

கையைத் தூக்கியபோது ஐயனின் இடக்கை வந்து என் மணிக்கட்டைப் பிடித்தது. தடுக்கப் பார்த்தார். பலம் இல்லை. ஐயனுக்குச் சிரமமாக இருக்கிறது, போதும் என்று எல்லோருக்கும் கேட்கச் சொல்லி, அவரைப் படுக்கவைக்கும் சாக்கில் விடுவித்துக்கொண்டேன். பங்குனியில் அவர் போய்விட்டார்.

புது ஐயன் முதலில் செய்த ஏற்பாடுகளில் ஒன்று அஷ்வினியைப் பற்றியது. பிரசவம் ஆனதும் அவளைப் பழனிக்குக் கொடுப்பது என்று முடிவானது. பழனி பெயின்ட் வேலை செய்பவர், ஒரு மனைவி ஏற்கெனவே உண்டு, குடிக்க மாட்டார். இதைவிட மோசமான இடங்களுக்கு நான் பெண்களை அனுப்பியிருக்கிறேன். ஆனால் அஷ்வினி சாப்பிட மறுத்தாள். ஒருநாள் காலை பால் பாக்கெட் போட வந்தவனுக்காகக் கேட்டைத் திறந்தபோது வெளியே போகப் பார்த்தாள். அதற்குப் பிறகு அவளை மூன்றாவது வீட்டு மாடி அறையில் வைத்தோம். வைத்தோம் என்று சொல்வது தவறு. நான் வைத்தேன். சாவி என்னிடம் இருந்தது.

வேளை தவறாமல் சாப்பாடு கொண்டுபோனேன். தலை வாரிப் பின்னிவிட்டேன். காலில் வீக்கம் இருந்ததால் வெந்நீர் வைத்துக் கொடுத்தேன். ஒருநாள் பின்னிக்கொண்டிருக்கும்போது திரும்பி என் முழங்காலைக் கட்டிக்கொண்டாள்.

"அத்தே, கதவ மட்டும் தெறந்து உடுங்க," என்றாள். "நான் பஸ் ஏறிப் போயிக்கறேன். யாருகிட்டயும் உங்க பேரச் சொல்ல மாட்டேன்."

பெண் நடுத்தெருவில் நிற்கக் கூடாது, அதற்காகத்தான் இதெல்லாம் என்று அவளுக்கு எடுத்துச் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டாள். அதன் பிறகு அவள் சிரித்து நான் பார்க்கவில்லை என்பதை இப்போதுதான் நினைத்துப் பார்க்கிறேன்.

சித்திரையில் நஞ்சுண்டசாமி ஹனூர் போயிருந்தார். அங்கிருந்து பாலாறு தாண்டி மேட்டூர்ப் பக்கம் யாரையோ பார்க்கப் போவதாகச் சொன்னார். தான் வரும்வரை அஷ்வினியை வெளியே விட வேண்டாம் என்றும் சொல்லியிருந்தார். அன்று முற்பகலில் நான் சாப்பாடு கொண்டுபோனபோது அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். பாயில் ரத்தம். எட்டாம் மாதம்.

"அத்தே, வயிறு கல்லாட்டம் இருக்குது. ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போங்க," என்றாள்.

சரி அம்மிணி என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். கதவைச் சாத்திப் பூட்டினேன். ஏன் பூட்டினேன் என்று நீங்கள் மூன்றாவது முறையாகக் கேட்கிறீர்கள். பழக்கம் என்றுதான் முன்பு சொன்னேன்.

நஞ்சுண்டசாமிக்குப் போன் போட்டேன். கிடைக்கவில்லை. பாலாற்றுச் செக்போஸ்ட் பக்கம் காட்டுக்குள் போய்விட்டால் சிக்னல் இருக்காது. மறுபடியும் போட்டேன். ஐயனைக் கேட்காமல் ஒரு பெண்ணை வெளியே அனுப்பியதாக எங்களிடம் பேச்சே கிடையாது. ஆகவே மாடிப்படியில் உட்கார்ந்து காத்திருந்தேன். உள்ளேயிருந்து கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். பிறகு கதவைத் தட்டினாள். மாதேவி கீழேயிருந்து என்ன சத்தம் என்று கேட்டாள். அஷ்வினிதான், சாப்பாடு வேண்டாம் என்கிறாள் என்று சொல்லி அனுப்பினேன். கொடியில் துணி காய்ந்து கிடந்தது. எடுத்து வந்து படியிலேயே உட்கார்ந்து மடித்தேன். மடித்து முடித்தபோது தட்டுவது நின்றிருந்தது. சற்று அயர்ந்திருப்பாள், நல்லதுதான் என்று நினைத்தேன்.

வெயில் இறங்கும் நேரத்தில் அவரே கூப்பிட்டார். விஷயத்தைச் சொன்னேன். 

"இதுக்குப் போயி என்னையக் கேட்டுட்டு இருந்தீங்களா, அக்கா?" என்றார்.

அதை அவர் உங்களிடமும் சொல்லியிருப்பார். உண்மைதான். போன் கிடைத்திருந்தால் அவர் உடனே அனுப்பச் சொல்லியிருப்பார். யாரும் என்னைத் தடுக்கவில்லை. அன்று அந்த வீட்டில் ஐயன் என்று இருந்தது நான்தான். அது எனக்கு அந்த நிமிஷம் வரை தெரியாது என்று சொன்னால் நீங்கள் நம்ப மாட்டீர்கள், எனக்கும் அதில் பாதி நம்பிக்கைதான்.

ஆஸ்பத்திரிக்குப் போனால் புருஷன் யார் என்று கேட்பார்கள். சந்துரு வருவான். அவள் பேசுவாள், அவன் பேசுவான், தைப்பூசத்தன்று விழுந்தது எந்தக் கை, ஏன் விழுந்தது என்று யாராவது உட்கார்ந்து யோசிப்பார்கள். அப்புறம் மாசிப் பௌர்ணமியையும் யோசிப்பார்கள். படியில் உட்கார்ந்திருந்தபோது நான் நினைத்துக்கொண்டிருந்தது இதைத்தான். அவளைப் பற்றி நினைக்கவில்லை. கதவைப் பூட்டியது பழக்கத்தால் இல்லை, மேடம்.

ஆட்டோவில் என் மடியில்தான் படுத்திருந்தாள். உடம்பு ஜில்லென்று இருந்தது. வாசலிலேயே ஸ்ட்ரெச்சரில் ஏற்றிக்கொண்டு போனார்கள். ஒரு நர்ஸ் வந்து, "கண்டன ஹெசரு ஏனம்மா?" என்று புருஷன் பெயரைக் கேட்டாள். நான் பழனி என்று சொல்லியிருக்க வேண்டும். அப்படித்தான் சொல்வது என்று வழியெல்லாம் நினைத்து வந்தேன். ஆனால் வாயில் சந்துரு என்று வந்தது. அவர்கள் இரண்டு பேருக்காக நான் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அதுதான், அதுவும் என்னை மீறி வந்தது.

குழந்தையை உயிரோடு எடுத்துவிட்டார்கள். பெண் குழந்தை. அஷ்வினியைக் காப்பாற்ற முடியவில்லை. காலையிலேயே கொண்டு வந்திருந்தால் இரண்டு உயிரும் பிழைத்திருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, சுவரைப் பார்த்துச் சொன்னார். அதற்குள் யாரோ சொல்லி சந்துரு வந்துவிட்டான்.  திட்டியிருந்தால் தாங்கிக்கொண்டிருப்பேன். கண்ணாடிப் பெட்டிக்குள் இருந்த குழந்தையையே பார்த்துக்கொண்டு நின்றான். நான் பக்கத்தில் போனதும் இரண்டடி தள்ளி நின்றுகொண்டான், எங்கள் ஆட்கள் ஐயனின் கட்டிலருகே தள்ளி நின்ற மாதிரி.

எனக்கு வெட்கமாக இருக்கிறது, மேடம். இத்தனை பேர் கும்பிட்ட கையைப் பொம்மலாட்டக் கையாக்கினேன். நான் ஊட்டி வளர்த்த பிள்ளையின் வாயில் மண்ணைப் போட்டேன். என்னை அத்தே என்று கூப்பிட்ட பெண்ணைப் பூட்டி வைத்துச் சாகவிட்டேன். நஞ்சுண்டசாமியின் பேரில் என்ன எழுதுவீர்களோ அது உங்கள் பாடு. அஷ்வினியைக் கொன்றது நான். இதில் கையெழுத்துப் போடச் சொன்னால் போடுகிறேன்.

ஒன்று விட்டுப்போய்விட்டது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

மாசிப் பௌர்ணமியன்று எல்லாம் முடிந்து ஜனங்கள் சாப்பிடப் போன பிறகு அறையில் நானும் ஐயனும் மட்டும்தான். சால்வையை எடுத்துவிட்டு அவரைப் படுக்கவைத்தேன். தலையணையைச் சரிசெய்யக் குனிந்தபோது அவர் இடக்கையைத் தூக்கினார். மெதுவாகக் கொண்டுவந்து என் தலையில் வைத்தார். கை நடுங்கவில்லை. என் கண்ணையே பார்த்துக்கொண்டு, எடுக்காமல் வெகுநேரம் வைத்திருந்தார். எங்கள் வழக்கத்தின்படி நான் அன்று விளக்கு வைப்பதற்குள் அந்த வீட்டைவிட்டுப் போயிருக்க வேண்டும். நான் எழுந்து போய் விளக்கு வைத்தேன்.

பாவம், அவருக்கு வேறு கை ஏது. இருக்கிற கையால்தானே ஆசீர்வாதம் செய்ய முடியும். கூடவே இருந்தவள், எனக்குத் தெரியாதா? மற்றதையெல்லாம் நீங்கள் எப்படி வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள் மேடம். அதை மட்டும் ஆசீர்வாதம் என்றே எழுதுங்கள்.